மெய்ம்மறத்தலும் மனச்சாட்சியும்: ஓர் இலத்திரனியல் இசைத்தட்டை முன்வைத்து

இசை மனத்துக்கு அமைதி தருவது என்னும் கூற்றை மறுப்பார் அரியர். மறுக்கப்படாத கூற்றுக்களுக்கு நேரும் கதியே இதற்கும் நேர்ந்துள்ளது. ஆராயப்படாமலே அது ஏற்கப்பட்டு வந்துள்ளது. அமைதி எய்திய மனம் அவ்வமைதியைக் கொண்டு யாது செய்கின்றது, அது எய்தத் தகுந்த அமைதிதானா, அதற்குரிய விலையைச் செலுத்துபவர் யார் என்னும் வினாக்கள் இசைபற்றிய நமது பேச்சுக்களில் எழுவது குறைவு. சுருதி, இராகம், பாணி முதலியவைபற்றி மணிக்கணக்கில் வாதிடும் நாம், இசை கேட்டு முடித்தவன் எழுந்து எங்கே போகின்றான் என்பதைக் கவனிப்பதில்லை. அவ்வினாவை ஓர் இசைத்தட்டை முன்வைத்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விசைத்தட்டு நமது நாட்டினதன்று, நமது மரபினதுமன்று. ஆயினும் வினா நமக்குப் புதியதன்று.

சங்க இலக்கியத்தில் இதனோடு தொடர்புடைய இரு காட்சிகள் உள. தமிழ் பயிலும் மாணவர் இரண்டையும் அறிவர். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கியோர் சிலராகவே இருத்தல் கூடும். பொருநராற்றுப்படையிலே, வழிச்செல்வோரைத் தாக்கிப் பொருள் கவரும் ஆறலை கள்வர் பாலை யாழின் இசையைக் கேட்டுத் தம் கையிலுள்ள படைக்கலத்தை விட்டுவிடுகின்றனர். அருளுக்குப் பகையான மறம் அவர்களிடமிருந்து நீங்குகின்றது. அகநானூற்றின் 102ஆம் பாடலிலே, தினைப்புனத்துக்கு வந்த யானை, கூந்தலைக் கோதியவாறு கொடிச்சி பாடும் குறிஞ்சிப்பண்ணைக் கேட்டுக் கதிரையும் உண்ணாது, நின்ற இடத்தை விட்டுப் பெயராது, உறங்கிப் போகின்றது. இரண்டுமே இசையின் ஆற்றலைக் காட்டுவன என்று உரை கூறி நாம் கடந்துவிடுகின்றோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கள்வன் மாறினான், யானை உறங்கிற்று. கள்வனிடத்து நிகழ்ந்தது பிறவுயிரை அவன் நோக்கும் நோக்கிலே நிகழ்ந்த மாற்றம். யானையிடத்து அத்தகைய மாற்றம் எதுவும் இல்லை. விழித்தெழுந்தால் அது மீண்டும் தினையைத்தான் நாடும். தினை காப்பவனுக்கு அன்றிரவைப் பொறுத்தவரையில் இரண்டும் ஒன்றே என்பது உண்மை. கதிர் தப்பிற்று, அவ்வளவே. ஆனால் அறம்பற்றிச் சிந்திப்பவனுக்கு இவ்விரண்டுக்குமிடையே உள்ள தூரம் பெரிது. இசை நமக்குத் தரும் அமைதி கள்வன் பெற்ற அமைதியா, யானை பெற்ற அமைதியா?

இனி இசைத்தட்டுக்கு வருவோம். அதன் பெயர் 'ஈ2–ஈ4'. சதுரங்கத்தில் வெள்ளை அரசனின் முன்னிற்கும் காலாள் இரு கட்டங்கள் முன்னேறுவதைக் குறிக்கும் குறியீடு அது. ஆட்டத் தொடக்கங்களுள் மிகப் பழக்கமானதும் அதுவே. இதனை ஆக்கியவர் பேர்லினைச் சேர்ந்த மனுவேல் கோட்ஷிங் (1952–2022). கிதார்க் கலைஞராகிய இவர் எழுபதுகளில் 'ஆஷ் ரா டெம்பிள்' என்னும் குழுவின் வாயிலாக அறியப்பட்டவர். 1981 டிசெம்பர் 12ஆம் திகதி, மறுநாள் ஹம்பேர்க்குக்கு விமானத்திற் செல்லவிருந்த அவர், பயணத்தின்போது கேட்பதற்கு ஏதேனும் வேண்டுமென்று எண்ணித் தமது ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்தார். சோனி நிறுவனத்தின் 'வோக்மன்' 1979இல் வெளிவந்திருந்தது. பயணி ஒருவன் தன் செவிக்கு மட்டுமான இசையைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லலாம் என்னும் நிலை அப்போதுதான் தோன்றியிருந்தது. சிந்தசைஸர், தாளப்பொறி, சுரங்களை நிரல்படுத்தி மீள மீள ஒலிப்பிக்கும் சீக்குவென்சர், கிதார் ஆகியவற்றைக் கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர் தனியே வாசித்தார். இடையில் நிறுத்தவில்லை, பின்னர் வெட்டி ஒட்டவுமில்லை. ஒரு மாலைப்பொழுதில் ஒருவர் தமக்காக வாசித்துக்கொண்டதுதான் அது. 1984இல் அவருடைய நண்பர் கிளவுஸ் ஷூல்ட்சேயின் வெளியீட்டகம் அதனை இசைத்தட்டாக வெளியிட்டது.

அதனை முதன்முறை கேட்பவர் ஏமாற்றமடைதல் இயல்பே. இரண்டு சுரக்கூட்டுக்கள் மாறி மாறி ஒலிக்கின்றன. மூன்றாவது ஒன்று வரும் என எதிர்பார்த்தால் அது வருவதில்லை. இரண்டுக்குமிடையே மூச்சு வாங்குவதும் விடுவதும்போன்ற ஓர் அசைவு உள்ளது. அதன்மேல் சிறு தாள ஒலிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. சில விலகிச் செல்கின்றன. ஏறத்தாழ அரைமணி நேரம் கழிந்த பின்னரே கிதார் நுழைகின்றது. பழைய நீள்தட்டில் அதற்கிடையே எழுந்து தட்டைப் புரட்டிப் போடவும் வேண்டியிருந்தது. பல்லவிக்கும் அனுபல்லவிக்கும், தொடக்கத்துக்கும் உச்சத்துக்கும் பழகிய செவி இங்கே பற்றிக்கொள்ள யாதுமின்றித் தவிக்கின்றது. பத்து நிமிடங்கள் சென்றதும் தவிப்பு அடங்குகின்றது. இருபதாவது நிமிடத்தில், முதலில் ஒன்றுபோலவே கேட்ட ஒலிகளுக்கிடையே நுண்ணிய வேறுபாடுகள் புலனாகத் தொடங்குகின்றன. தம்புராவின் சுருதியிலே நெடுநேரம் செவி பதித்தவர்களுக்கு இவ்வனுபவம் முற்றிலும் அந்நியமானதன்று.

இசைத்தட்டின் ஒன்பது பகுதிகளுக்கும் கோட்ஷிங் இட்ட தலைப்புக்களிற் சதுரங்க ஆட்டத்தின் போக்கு தொனிக்கின்றது. இறுதிப் பகுதியின் தலைப்பு, இருவருக்கும் வெற்றியின்றி ஆட்டம் முடிவதைக் குறிக்கும் ஜேர்மன் சொல். முதற் பகுதியின் தலைப்பை 'அமைதியான பதற்றம்' என்று தமிழாக்கலாம். இத்தலைப்பு என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. உலகம் முழுவதும் ஓய்வுக்குரிய இசை எனக் கேட்கப்படும் ஒன்றுக்கு அதனை ஆக்கியவர் இட்ட முதற்சொல்லிலேயே பதற்றம் இருக்கின்றது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜேர்மனியில் 'ட்ரான்ஸ்' என்னும் பெயருடன் ஓர் இலத்திரனியல் இசைவகை உருவாயிற்று. ஈ2–ஈ4 அதற்கு முன்னோடியான ஆக்கங்களுள் ஒன்றாகப் பின்னாளில் எண்ணப்படலாயிற்று. அப்பெயர் கடந்து செல்லுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தது. தமிழில் இந்நிலையை மெய்ம்மறத்தல் என்கின்றோம். மெய் என்பது உடம்பு. மெய் என்பது உண்மையும் ஆகும். உடம்பை மறப்பது இன்பம். உண்மையை மறப்பது? நமது சொல் இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லிவிடுகின்றது. எதை மறந்தோம் என்பதைக் கேட்பவனே தேர்ந்து அறிய வேண்டியுள்ளது. (கிராமக் கோயில்களில் உடுக்கும் பறையும் முழங்க உருவேறி ஆடுபவர் தம்மை மறக்கின்றார், ஆயினும் சூழ நிற்பவர்களுக்கு வாக்குச் சொல்லும் கடமை அவருக்கு உண்டு. மெய்ம்மறந்தவரிடமிருந்து ஊர் ஒன்றை எதிர்பார்க்கின்றது. செவிக்குள் செவிக்கருவி பொருத்திப் படுத்திருப்பவரிடம் எவரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.)

அமைதி தரும் இசையை ஐயத்தோடு நோக்கியோர் மேற்குலகிற் பலர். பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் மூன்றாம் பகுதியில், குடிவிருந்துகளுக்குரிய மென்மையான சுரமுறைகள் காவலர்க்கு ஆகா என விலக்கினார். 1854இல் தமது நூலை வெளியிட்ட ஹான்ஸ்லிக், இசையின் அமைப்பை உணராமல் அதில் வெறுமனே மூழ்கிக் கிடப்பவர்களை எள்ளி நகையாடினார். ஒரு நல்ல சுருட்டோ வெந்நீர்க் குளியலோ அவர்களுக்கு அதே இன்பத்தைத் தந்துவிடும் என்பது அவர் கருத்து. 1938இல் அடோர்னோ, பண்டமாகிவிட்ட இசை கேட்போனின் செவியையே பின்னோக்கி இழுக்கின்றது என வாதிட்டார். முழுமையைப் பின்தொடரும் ஆற்றல் இழந்த செவி, பழகிய துணுக்குகளை மட்டுமே நாடும் குழந்தைச் செவியாகின்றது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவற்றுள் அடோர்னோவின் கண்டனமே வலியது. அதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1934இல் அமெரிக்காவில் 'மியூஸாக்' என்னும் பெயருடன், கம்பிவழியாக இசையை வழங்கும் வணிகம் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் அது தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தது. கால்மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாக ஊக்கம் ஏறிச் செல்லும் வகையிற் பாடல்கள் நிரற்படுத்தப்பட்டன; பின்னர் மௌனம்; பின்னர் மீண்டும் இசை. தொழிலாளியின் களைப்பு எப்போது மிகும் என்பது கணக்கிடப்பட்டு அதற்கேற்ப இசை அளந்து வழங்கப்பட்டது. அங்கே இசை கேட்டவன் அதனை வேண்டியவனல்லன். வேண்டியவன் அதனைக் கேட்டவனல்லன். இது யானைக்குப் பாடிய பாட்டின் தொழிற்சாலை வடிவம். கொடிச்சியின் பாட்டிலாவது வஞ்சகம் இல்லை. அவள் தனக்காகப் பாடினாள். யானை தற்செயலாகக் கேட்டது.

ஆனால் இக்கண்டனத்தை ஈ2–ஈ4க்கு அப்படியே பொருத்த இயலாது. கோட்ஷிங்கும் தமக்காக வாசித்தவரே. பிறர் எவரையும் உறங்கச் செய்வதோ உழைக்கச் செய்வதோ அவர் நோக்கமாக இருக்கவில்லை. அதன் பின்னைய வரலாறு இன்னும் விசித்திரமானது. பதிவு செய்த சிறிது காலத்தில் வேர்ஜின் நிறுவனத் தலைவர் றிச்சட் பிரான்சனுக்கு அதனைப் போட்டுக் காட்டியதாகவும், அவர் கையிலிருந்த குழந்தை கேட்டுக்கொண்டே உறங்கிவிட்டதாகவும், இவ்விசையைக் கொண்டு பெரும் பொருள் ஈட்டலாமே என அவர் கூறியதாகவும் கோட்ஷிங் நேர்காணல்களிற் சொல்லியுள்ளார். பின்னர் நியூயோர்க்கில், 'பரடைஸ் கராஜ்' என்னும் நடனக்கூடத்தில் லாரி லெவான் அதே இசைத்தட்டைச் சுழலவிட்டபோது மக்கள் ஆடினர். அது ஆடுவதற்குரியது என்னும் எண்ணம் ஆக்கியவருக்கே இருந்ததில்லை. 1989இல் இத்தாலியில் அதன் ஒரு துணுக்கைக் கொண்டு 'சுவேனியோ லட்டினோ' என்னும் நடனப்பாடல் ஆக்கப்பட்டுப் புகழ்பெற்றது. ஒரே ஒலி பேர்லினில் ஒருவனுக்குப் பயணத்துணை. ஒரு குழந்தைக்குத் தாலாட்டு. நியூயோர்க்கின் இரவில் ஆட்டத்துக்கான அழைப்பு. அமைதி அவ்வொலிக்குள் வைத்துக் கட்டப்பட்ட ஒரு பண்டம் என்றால் இவ்வேறுபாடு நிகழ்ந்திராது. ஒலி ஓர் இடத்தைத் திறந்துவிடுகின்றது. அங்கே உறங்குவதா ஆடுவதா விழித்திருப்பதா என்பதை அது தீர்மானிப்பதில்லை.

இவ்வாறு கூறுமிடத்து, குற்றத்தை இசையிலிருந்து நீக்கிக் கேட்பவன்மீது சுமத்துகின்றோம். சுமத்தத்தான் வேண்டும் என்பதைச் சொந்த அனுபவமொன்றின் வாயிலாகவே நான் அறிந்துகொண்டேன். இத்தகைய இதழிற் சொந்தக் கதை கூறுவது வழக்கமன்று. ஆயினும் நான் நேரில் அறிந்த சான்று வேறெதுவுமில்லையாதலின் வாசகர் பொறுத்தருள்வாராக.

நான் பணிபுரிவது மலைநாட்டில், வீடு வடமராட்சியில். ஐயா பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து படுக்கையிற் கிடந்த காலம். அக்காவே அவரைப் பராமரித்து வந்தாள். படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என வைத்தியர் கூறியிருந்தார். பகலும் இரவும் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை என்றால் அதன் பொருள் என்ன என்பதை நான் அப்போது எண்ணிப் பார்த்ததில்லை. ஒருநாள் மாலை அக்கா தொலைபேசியில் அழைத்தாள். வழமைபோல ஐயாவின் நிலையைக் கூறினாள். பின்னர், "தம்பி, ஒரு கிழமை வந்து நிண்டிட்டுப் போவியே? எனக்கு நித்திரை வேணும்" என்றாள். அவள் அதற்குமுன் எதையும் கேட்டவளல்லள். "பாப்பம் அக்கா, சோதினை வேலை கொஞ்சம் கிடக்கு" என்றேன். சோதனைத் தாள்கள் இருந்தன என்பது பொய்யன்று. அவற்றை ஊருக்கு எடுத்துச் சென்று திருத்தியிருக்கலாம் என்பதும் பொய்யன்று.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவள் குரல் செவியில் நின்றது. நள்ளிரவுக்குப் பின் எழுந்து, மனம் கலங்கும்போது நான் வழக்கமாகக் கேட்கும் ஈ2–ஈ4ஐச் செவிக்குள் ஓடவிட்டேன். பத்தாவது நிமிடத்தில் தோள்கள் தளர்ந்தன. கிதார் வந்தபொழுது மூச்சு சீராகியிருந்தது. முடிவை நான் கேட்கவில்லை, அதற்குமுன் உறங்கிவிட்டேன். காலையில் எழுந்தபோது மனம் தெளிவாக இருந்தது. தாள்களைத் திருத்தத் தொடங்கினேன். நான் ஊருக்குப் புறப்பட்டது மூன்று கிழமைகளின் பின்னரே.

அந்த மூன்று கிழமைகளில் ஐயாவுக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை. கதையைக் கேட்போர் ஒரு விபரீதத்தை எதிர்பார்ப்பர், அப்படி எதுவுமில்லை. நேர்ந்தது இவ்வளவே: அக்கா நித்திரை கேட்டாள், நான் நித்திரை கொண்டேன்.

இதனை மெய்யியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் கூறியபோது அவர் சிரித்தார். குற்றவுணர்வோடு நீ விடியும்வரை விழித்திருந்தால் மட்டும் உன் அக்காவுக்கு நித்திரை கிடைத்திருக்குமா என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. வருந்துவது தன்னளவில் ஓர் அறச்செயலன்று. வருந்தி வருந்தியே ஒன்றும் செய்யாதிருப்போர் நம்மிடையே பலர். அவர்களுடைய வருத்தம் அவர்களுக்கே ஓர் அணிகலனாகிவிடுகின்றது. இசை அவ்வருத்தத்தை நீக்கினால் அதில் இழப்பு என்ன?

நெடுநாள் எண்ணிப் பார்த்த பின்னர் எனக்குத் தோன்றிய மறுமொழி இது. உறுத்தல் ஓர் அறமன்று. ஆனால் அது ஒரு செய்தியைக் கொண்டு வந்து வாசலில் நிற்கும் ஆள். செய்தியை வாங்கிக்கொண்டு அவனை அனுப்பிவிடுதல் ஒன்று. அவன் வாய் திறக்குமுன் அனுப்பிவிடுதல் வேறொன்று. அன்றிரவு நான் செய்தது பின்னையது.

இதைவிட நுட்பமானதும் எனக்கு அதிக வெட்கம் தருவதுமான இன்னொன்றும் உண்டு. இசை அக்காவை மறக்கச் செய்தது என நான் முதலில் எண்ணியிருந்தேன். அது சரியன்று. இசையோடு படுத்திருந்த அந்நேரம் முழுவதும் நான் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்து எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த அக்கா, மழைக்காலத்தில் என் புத்தகங்களைத் தன் தாவணிக்குள் மறைத்துவந்த அக்கா என ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கண்ணும் கலங்கிற்று. ஆனால் அவ்விரண்டு சுரக்கூட்டுக்களின் ஏற்ற இறக்கத்திலே அவளுடைய களைப்பு எனக்கு ஓர் அழகிய துயரமாக மாறிவிட்டிருந்தது. நான் அவளுக்காக இரங்கினேன். அந்த இரக்கம் எனக்கு இனிமையாக இருந்தது. நாடக அரங்கிலே பிறர் துயர் கண்டு அழுவதில் இன்பம் எப்படி வருகின்றது என வியந்த அகஸ்தீன், தமது 'ஒப்புதல்கள்' நூலின் மூன்றாம் பகுதியில் இதற்கு ஒரு காரணம் காட்டுகின்றார்: அரங்கிலே காண்போன் துயர் களைய அழைக்கப்படுவதில்லை; துயருற மட்டுமே அழைக்கப்படுகின்றான். அவர் சொன்னது நாடகத்தை. அன்றிரவு நான் என் அக்காவையே அரங்கேற்றியிருந்தேன். அவளோ என்னை அழைத்திருந்தாள், துயருறுவதற்கன்று.

எனவே யானையின் அமைதிக்கும் கள்வனின் அமைதிக்கும் அப்பால் மூன்றாவது ஒன்றும் உண்டு எனத் தோன்றுகின்றது. அது உறங்குவதுமில்லை, மாறுவதுமில்லை. பிறர் துன்பத்தைப் பார்த்துக்கொண்டே நன்றாக உணர்கின்றது. பொருநராற்றுப்படைக் கள்வன் இசை கேட்டு இரங்கினான் என்பதோடு புலவர் நின்றிருந்தால் அவனும் இவ்வகையினனே. அவன் கை படைக்கலத்தை விட்டது என்பதையும் புலவர் சொல்லியிருக்கின்றார். பலமுறை படித்தும் நான் கவனியாதிருந்த இடம் அது.

இன்று இப்பிரச்சினை இன்னும் பரந்துள்ளது. உறக்கத்துக்கு, படிப்புக்கு, பதற்றம் தணிவதற்கு என வகைபிரித்த இசைக்கோவைகள் ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் உள்ளன. பரீட்சைக் காலத்தில் நமது மாணவர் விடுதிகளிலே செவிக்கருவி இல்லாத செவியைக் காண்பது அரிது. இதனை இழிவாகக் கூறுவது என் நோக்கமன்று. களைத்தவனுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வை ஐயுறுபவர் பெரும்பாலும் நன்றாக உறங்கி எழுந்தவராகவே இருப்பர். ஆயினும், எந்த நேரத்தில் நாம் எந்தக் கோவையை நாடுகின்றோம் என்பதை ஒரு கிழமை குறித்து வைத்தால், நாம் தணிக்க விரும்புவது களைப்பையா அன்றி வாசலில் நிற்கும் ஆளையா என்பது ஓரளவு தெரியவரும். நான் அவ்வாறு குறித்துப் பார்த்தேன். குறிப்புக்களை இங்கே தருவதற்கில்லை.

மூன்று கிழமைகளின் பின் கண்டியிலிருந்து இரவுப் பேருந்திற் புறப்பட்டு விடியற்காலையில் வீடு சேர்ந்தேன். அக்கா எதுவும் சொல்லவில்லை. தேநீர் தந்தாள். ஐயாவை எப்படிப் புரட்டுவது, தலையணையை முதுகுக்கும் முழங்கால்களுக்கும் எப்படிக் கொடுப்பது என்பதைக் காட்டித் தந்தாள். "நான் கொஞ்சம் சரியிறன்" என்று உள்ளே போனவள் மாலைவரை எழவில்லை. நடுவில் ஒருமுறை அறை வாசலில் நின்று பார்த்தேன். வாய் சற்றே திறந்திருக்க, செருப்பைக் கூடக் கழற்றாமல் உறங்கிக்கொண்டிருந்தாள்.

இரவுக் காவல் என்னுடையதாயிற்று. இரண்டாம் நாள் இரவு கண் சொக்கியபொழுது கைத்தொலைபேசியை எடுத்தேன். இரு செவிகளையும் மூடினால் ஐயாவின் இருமல் கேட்காது. ஆகவே இடது செவியில் மட்டும் கருவியைப் பொருத்தி ஈ2–ஈ4ஐ ஓடவிட்டேன். ஓரிரவு என்னைத் தூங்க வைத்த அதே ஒலி இப்போது என்னை விழித்திருக்கச் செய்தது. தொடக்கப் பகுதியின் பெயரில் ஏன் பதற்றம் இருக்கின்றது என்பது அப்போது ஓரளவு விளங்கியதுபோலிருந்தது. தாளம் அமைதியாகத்தான் இருக்கின்றது. ஆனால் ஒருபோதும் நிற்பதில்லை. எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒருவரின் நாடிபோல அது துடித்துக்கொண்டேயிருக்கின்றது. வலது செவியில் ஐயாவின் மூச்சு. இடையிடையே பனையோலைகளின் சலசலப்பு. தொலைவில் நாய்க் குரைப்பு. இரண்டு செவிகளிலும் கேட்டவை ஒன்றையொன்று குலைக்கவில்லை.

அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மணிநேரம் என்று முன்னரே கூறினேன். அது இரண்டுமுறை ஓடி முடிந்தால் ஐயாவைப் புரட்ட வேண்டும். அதன் பின்னர் மணிக்கூட்டைப் பார்க்கும் தேவை எனக்கு இருக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, இரண்டாவது முறை கிதார் நுழைந்து சிறிது நேரத்தில் ஐயா இடக்கையை அசைத்தார். தண்ணீர் வேண்டும் என்பதற்கு அவருடைய சைகை அது. கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கரண்டியால் நீர் பருக்கினேன். சற்று முன்னதாகவே அவரை மறுபக்கம் புரட்டித் தலையணையைச் சரிசெய்தேன். திரும்பி வந்து அமர்ந்தபோது இசை முடிந்துவிட்டிருந்தது. உள்ளறையில் அக்கா புரண்டு படுக்கும் ஓசை கேட்டது. கருவியை மீண்டும் செவியிற் பொருத்தி, முதலிலிருந்து ஓடவிட்டேன்.